தார்ப்பாய்க்காரன் வீட்டு அஸ்திவாரம்

எங்கள் தெருவில் அவளைப் பாப்பாம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவள் பெண் பாப்பா தெருவை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அதே பேர்தான். "பாப்பாம்மா, ரொட்டி தீந்துபோச்சு, சாயங்காலம் வா" என்பார் கடைக்காரர். அவருக்கு அது வெறும் பேர். அவளுக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தும். கடைக்காரரிடம் போய், பாப்பா இங்கே இல்லை, வேறு பேர் வைத்துக் கூப்பிடுங்கள் என்றா சொல்ல முடியும்?

அவள் புருஷன் தார்ப்பாய்க்காரன். லாரிகளுக்கும் சந்தைக் கடைகளுக்கும் தார்ப்பாய் தைத்துக் கொடுப்பவன். முன்னால் பட்டறை, பின்னால் ஒற்றை அறை, அதுதான் குடித்தனம். பட்டறையில் அடுப்பின் மேல் மெழுகு உருகிக்கொண்டே இருக்கும். ஒட்டுப் பசை டப்பா திறந்தே கிடக்கும். அந்த நெடி சுவரைத் தாண்டிப் பின்னால் வெந்துகொண்டிருக்கிற சோற்றிலும் போய் உட்காரும். பெரியவர்கள் இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது. குழந்தைக்குப் பழகவில்லை. மூன்று வயதில் மூச்சிழுப்பு வந்தது. விலா எலும்பு உள்ளே போய் உள்ளே போய் வரும். அதைப் பார்த்துக்கொண்டு தாய் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்க முடியாது.

"ஒண்ணு இந்த நெடி வேற எடத்துக்குப் போகணும். இல்ல, கொழந்த வேற எடத்துக்குப் போகணும்" என்று டாக்டர் சொன்னார். நெடிதான் சோறு போடுகிறது. அதனால் குழந்தை போனது.

போன இடம் பாப்பாம்மாவின் அக்கா வீடு. ஊரின் மறுகோடியில், காற்றோட்டமான மாடி வீடு. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. நல்லவள். அக்கா கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் இந்தக் கதையில் பாதிக் கஷ்டம் இருந்திருக்காது. இழுப்பு நின்றது, கன்னத்தில் சதை வைத்தது, குழந்தைக்கு அங்கே ஒரு குறையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் பாப்பாம்மா பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். முதலில், கிளம்பும்போது குழந்தை சேலையைப் பிடித்துக்கொண்டு கதறியது. பிறகு கதவு வரைக்கும் வந்தது. பிறகு பொம்மையை விட்டு எழுந்திருக்காமலே கையை ஆட்டியது. அழாமல் இருந்தால் நல்லது என்று வேண்டிக்கொண்டவள்தான் அவள். அழாமல் இருந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

"வீடு முடிஞ்சதும் கூட்டிட்டு வந்துரலாம்" என்பான் அவன். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு மூலை மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு. அதற்கு நகராட்சி ஆபீஸ் அனுமதி தரவேண்டும். அவ்வளவுதான் பாக்கி என்று நினைத்தார்கள்.

முதல் தடவை வரைபடம் திரும்பி வந்தது. குளியலறை ஜன்னல் பக்கத்து மனையைப் பார்க்கிறதாம். பக்கத்து மனையில் எருக்கஞ்செடியைத் தவிர ஒரு ஜீவன் கிடையாது. சரி என்று ஜன்னலை மாற்றினார்கள். அடுத்த தடவை, சுவருக்கும் எல்லைக்கும் நடுவில் ஒரு சாண் குறைகிறது என்று வந்தது. சமையல்கட்டைச் சுருக்கினார்கள். அப்புறம் அதிகாரி லீவு. அப்புறம் அதிகாரி மாறிப் போனார். ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாவுக்கு ஜன்னல்காரர் என்றே பேர் வைத்துவிட்டான் தார்ப்பாய்க்காரன். குளியலறை ஜன்னலால் பட்ட எரிச்சலையும் சேர்த்து வைத்த பேர்.

"சார், நம்ம ஃபைலு..."

"எந்த மனை?"

"சூளைக்குப் பின்னாடி, மூல மனை சார்."

"மேல போயிருக்கு."

"போன வாரமும் மேலதான் சார் போயிருந்துச்சு."

"இன்னும் எறங்கல."

இதைச் சிரிக்காமல் சொல்ல ஒரு தனித் திறமை வேண்டும். ஜன்னல்காரரிடம் அது இருந்தது.

ஒருவழியாக ஃபைல் இறங்கியது. மேஸ்திரி ஆளோடு வந்து நூல் பிடித்தார், அஸ்திவாரக் குழி வெட்டினார், கம்பி கட்டினார். பாப்பாம்மா தினமும் போய்ப் பார்த்தாள். குழிக்குள் வரிசையாக நிற்கிற கம்பியைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு நிறைந்தது. இது பாப்பா படுக்கிற அறை, இது அவள் ஓடிவந்து இடித்துக்கொள்ளப் போகிற மூலை என்று மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

மேஸ்திரி கறாரான மனுஷர். கம்பி கட்டி முடித்த அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"அண்ணே, இன்ஸ்பெக்டர் வந்து கம்பியைப் பாத்து எழுதிக் குடுக்கணும். அதுக்கு முன்னால ஒரு சட்டி கான்கிரீட் போட மாட்டேன். போட்டா ஒடைச்சு எடுக்கச் சொல்லுவான். போன வருஷம் ஒரு எடத்துல ஒடைச்சோம். அழுகையே வந்துருச்சு."

"எப்ப வருவாராம்?"

"மனு குடுத்தாச்சுல்ல? வரிசைப்படி வருவாரு. ஊர் முழுக்க அவரு ஒருத்தர்தான். ஆனா மழ வரிசையில நிக்காதுண்ணே. தண்ணி எறங்குச்சுன்னா குழி சரிஞ்சுரும், மண்ணு வந்து கம்பிய மூடிரும். மறுபடி வெட்டணும், மறுபடி கட்டணும். எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டட வேலை வேற காத்துக்கிட்டு இருக்கு. அங்க போயிட்டேன்னா சீக்கிரம் திரும்ப முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

தார்ப்பாய்க்காரன் மேலே பார்த்தான். சூளைப் புகைக்கு அந்தப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. ஆபீஸ், ஃபைல், வரைபடம் இதெல்லாம் அவனுக்குப் பிடிபடாத உலகம். மழை அப்படி இல்லை. வாழ்க்கை முழுக்க மழையோடு மல்லுக்கட்டுவதுதான் அவன் தொழில்.

பட்டறையில் இருந்ததிலேயே கெட்டித் துணியை எடுத்தான். இரட்டை மடிப்பாகத் தைத்தான். அவன் தைக்க, அவள் ஓரத்தில் கயிறு நுழையப் பித்தளை வளையம் அடித்துக்கொண்டு போனாள். சுத்தியல் பிடித்துப் பிடித்து அவள் உள்ளங்கை காய்த்திருந்தது. மெழுகைத் துணி குடிக்கிற மட்டும் தேய்த்தான். குழியின் அளவுக்கு, குழி வளைகிற இடத்தில் தானும் வளைகிற மாதிரி வெட்டித் தைத்த தார்ப்பாய். அப்படி ஒன்றை எந்த லாரிக்கும் அவன் தைத்ததில்லை. சுற்றிலும் முளை அடித்து, கயிறு இழுத்து, முடிச்சுப் போட்டான்.

அவன் முடிச்சு ஊரறிந்தது. இழுக்க இழுக்க இறுகும். நனைந்தால் இன்னும் இறுகும். அதற்கென்றே ஒரு வளைந்த இரும்பு ஊசி வைத்திருந்தான். அதை எங்கே குத்தி எப்படி நெம்பவேண்டும் என்பது அவனுக்குத்தான் தெரியும். லாரிக்காரர்களே அவிழ்க்க முடியாமல் திரும்பி வந்து நிற்பார்கள். அதில் அவனுக்கு ஒரு பெருமை.

"இப்படி இறுக்கிட்டீங்களே, நீங்க இல்லாத நேரம் அவுக்க வேண்டி வந்தா?" என்று கேட்டாள்.

"நீ எதுக்கு அவுக்கணும்? நான்தான் இருக்கேனே."

மழை இரண்டு நாள் அடித்தது. குழிக்குள் ஒரு சொட்டு இறங்கவில்லை. மேஸ்திரிகூட வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இதுக்குள்ள நானே குடியிருப்பேன்" என்றார். அவன் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டு பேரும் லாரிக் கொட்டகைக்குத் தார்ப்பாய் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மனை வழியாகத் திரும்பினார்கள். முளையில் ஒரு சீட்டு குத்தியிருந்தது. அவன் படித்தான். மறுபடியும் படித்தான். அவள் பிடுங்கிப் படித்தாள். 'குழி மூடப்பட்டுள்ளது. பார்வைக்குத் தயாராக இல்லை. மறுபடியும் மனு கொடுக்கவும்.' முளைக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் பைக் வந்து வளைந்து திரும்பிய தடம் இருந்தது.

"வந்துட்டுப் போயிருக்கான்" என்றான் அவன், செத்த குரலில்.

"கயித்தப் புடிச்சு இழுத்துப் பாத்துருக்காரு, பாருங்க. இந்த முளையில சேறு அப்பியிருக்கு. அவுக்க முடியல. போயிட்டாரு."

"முந்தியே சொல்லியிருந்தா நான் தெறந்து வெச்சிருப்பேன்ல? சொல்லாமக் கொள்ளாம வந்தா?"

"சொல்லிட்டு வர்றதுக்கு அவரு என்ன நம்ம மச்சானா? யாரு வேணா அவுக்குற மாதிரி ஒரு முடிச்சு போட்டிருந்தா இன்னைக்கு வேல முடிஞ்சிருக்கும்."

"அப்ப தண்ணி எறங்கியிருக்கும். கொழந்த வேணும்னுதானடி இவ்வளவு பாடுபட்டுக் கட்டினேன்!"

"கொழந்தையையும் அப்படித்தான் பத்திரமாக் கட்டி ஒரு எடத்துல வெச்சிருக்கீங்க. அவுக்க முடியாம."

சொன்ன பிறகு அவளுக்கே வாய் வெந்துவிட்டது. அவன் முளைப் பக்கம் குனிந்தான். ஊசியை எடுத்து, ஒவ்வொரு முடிச்சாக நெம்பி அவிழ்த்து, மறுபடியும் கட்டினான். எதற்கு அவிழ்த்தான், எதற்குக் கட்டினான் என்று அவனுக்கே தெரியாது. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் அவனிடம் சொல்லாமல் அவளே ஆபீஸுக்குப் போனாள். ஜன்னல்காரர் மனுவை வாங்கி அடுக்கின் அடியில் செருகினார்.

"சார், அடியில வெக்காதீங்க சார்."

"வரிசைன்னு ஒண்ணு இருக்கும்மா."

"வரிசையில நாங்க நின்னோம் சார். எங்க மொற வந்துச்சு, அவரும் வந்தாரு. மூடியிருந்ததுனால போயிட்டாரு. மழைக்கு மூடினோம் சார், ஒளிக்கிறதுக்கு மூடல."

"மூடியிருந்தா மூடியிருக்குன்னுதாம்மா எழுத முடியும். ஏன் மூடினீங்கன்னு எழுத அதுல எடம் கெடையாது."

அவள் நகரவில்லை. பின்னால் நின்ற ஆட்கள் முணுமுணுத்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை; அழுதால் ஜன்னல்காரருக்குச் சுலபமாகப் போய்விடும், எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "எம்பொண்ணு வேற வீட்டுல வளருதுங்க சார்" என்று மட்டும் சொன்னாள். "வீடு இல்லேன்னுதான் வளருது. மேஸ்திரி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டா இந்த வருஷம் ஓடிரும். அப்புறம் அது எம்பொண்ணா இருக்காது."

உள்ளே சுவரோரம் சட்டையை உலர்த்திக்கொண்டு நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்தார். கணுக்கால் வரைக்கும் சேறு. இன்ஸ்பெக்டர் என்றால் மீசையும் தொப்பையுமாக ஒருவரை இத்தனை நாளும் மனசில் வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் ஒல்லியாக, மூக்கு ஒழுகிக்கொண்டு, தூங்கிப் பல நாள் ஆனவர் மாதிரி இருந்தார்.

"அந்த முடிச்சு வீடா?" என்று கேட்டார். "என் நகமே பேந்துருச்சும்மா. நாளைக்கு மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு வேல இருக்கு. போற வழியில வர்றேன். மேஸ்திரி இருக்கணும். மூடியிருந்தா வண்டிய விட்டு எறங்கக்கூட மாட்டேன். எனக்கு அன்னைக்கு இன்னும் ஒம்போது எடம் இருக்கு."

விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஊசித் தூறல் இல்லை, கூரை ஓட்டைப் பிய்க்கிற மழை. தார்ப்பாயைத் திறந்து வைப்பதற்கு வழியே இல்லை. "அவரு தலையப் பாத்ததும் தெறந்துக்கலாம்" என்றான் அவன். மேஸ்திரி வந்து சேரவில்லை. நேரம் ஆக ஆக அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டானா என்னன்னு தெரியலையே. நான் போய் இழுத்துட்டு வந்துர்றேன். மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். இடுப்பில் சொருகிய ஊசியும் அவனோடு போனது.

பைக் சத்தம் கேட்டபோது மத்தியானம் ஆகவில்லை. பாப்பாம்மா சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தனியாக நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். மழைக்கோட்டு நுனியில் தண்ணீர் ஒழுகியது.

"என்னம்மா, மூடித்தான் இருக்கு?"

"இதோ சார், ஒரு நிமிஷம் சார், தெறந்துர்றேன்."

"மேஸ்திரி எங்க?"

"வந்துக்கிட்டே இருக்காரு சார்."

முடிச்சில் கை வைத்தாள். கல். நகத்தைக் கொடுத்தாள். பல்லைக் கொடுத்தாள். மெழுகும் சேறும் வாயில் கசந்தது. அடுத்த முளைக்கு ஓடினாள். அதுவும் கல். எத்தனை வருடம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வளையம் அடித்திருக்கிறாள், ஒரு நாளாவது இதை அவிழ்க்கக் கற்றுக்கொடு என்று கேட்டிருக்கலாம். அவனும் கற்றுக்கொடுத்திருக்கலாம். கோபம் வந்தது, அழுகை வந்தது, இரண்டுக்கும் நேரம் இல்லை.

"சரிம்மா, இன்னொரு நாள் பாக்கலாம்" என்று இன்ஸ்பெக்டர் வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார்.

மேஸ்திரி ஆட்கள் சாக்குக் கிழிக்க வைத்திருந்த கத்தி செங்கல் அடுக்கின் மேல் கிடந்தது. அதை எடுத்தாள். தார்ப்பாயின் நடுவில் குத்தி, குழி நீளத்துக்கு நடந்துகொண்டே இழுத்தாள். இரட்டைத் துணி, சுலபத்தில் கிழியாது. அவள் கையாலேயே வளையம் அடித்த துணி. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கத்தி நழுவி உள்ளங்கையில் இறங்கியது. அதோடேயே இழுத்தாள். தார்ப்பாய் வயிறு பிளந்தது மாதிரி இரண்டாக விழுந்தது.

"பாருங்க சார்!" என்று கத்தினாள். "எறங்கிப் பாருங்க! மண்ணு விழறதுக்குள்ள பாருங்க!"

இன்ஸ்பெக்டர் இறங்கினார். நகம் பெயர்ந்த விரலோடு குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். டேப்பை எடுத்துக் கம்பிக்குக் கம்பி இடைவெளி பார்த்தார். குழிக்குள்ளேயே இறங்கி மூலையில் வளைத்துக் கட்டியதை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் அவர் பூட்ஸுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. அவள் கிழிந்த துணியின் ஒரு பக்கத்தைத் தலைக்கு மேல் தூக்கி அவருக்குக் குடை மாதிரிப் பிடித்தாள். கையிலிருந்து ரத்தம் மழைத் தண்ணியோடு முழங்கைக்கு ஓடியது. அவர் அதைப் பார்த்தார். தோள்பைக்குள்ளேயே காகிதத்தை வைத்து, நனையாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மேஸ்திரி இல்லேன்னு எழுதல. கம்பி நல்லாக் கட்டியிருக்கு. கான்கிரீட் போட்டுக்கலாம். சுவர் எழும்பி ஜன்னலுக்கு மேல வந்ததும் மனு குடுங்க, வந்து பாக்கணும். அப்புறம் கூரைக் கம்பிக்கு ஒரு தடவ. அப்புறம் எல்லாம் முடிஞ்சு குடி போறதுக்கு முன்னால ஒரு தடவ."

"ஒவ்வொண்ணுக்கும் வரிசையா சார்?"

"நான் ஒருத்தன்தான்ம்மா" என்றார் அவர். கையைக் கட்டச் சொல்லித் தன் கைக்குட்டையைக் கொடுத்தார். இந்தத் தடவை வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.

அவர் போன கொஞ்ச நேரத்தில் சைக்கிளில் மேஸ்திரியைப் பின்னால் உட்காரவைத்து மிதித்துக்கொண்டு வந்தான் தார்ப்பாய்க்காரன். முதலில் அவன் கண்ணில் பட்டது தார்ப்பாய்தான்.

"எந்தப் படுபாவி..."

"நான்தான்."

"நீயா? நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியலையா? இந்த மாதிரி இன்னொண்ணு என்னால தைக்க முடியுமாடி?"

"வேண்டாம். தைக்காதீங்க." கையெழுத்துப் போட்ட காகிதத்தை நீட்டினாள். அப்போதுதான் அவன் கைக்குட்டையையும் அதிலிருந்து சொட்டுவதையும் பார்த்தான். சைக்கிள் கீழே விழுந்தது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மழையில் அப்படியே நின்றான். 

மேஸ்திரிக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. "அண்ணே, அப்புறம் அழுதுக்கலாம். குழி நெறையுது. துணிய ஆளுக்கொரு பக்கம் புடிங்க, நான் ஆளுங்களக் கூப்பிடுறேன்" என்று கத்தினார். மழை சற்று விட்ட நேரத்தில் தண்ணியை இறைத்து ஊற்றிவிட்டுக் கான்கிரீட்டைக் கொட்டினார்கள்.

கையில் தையல் போட்டுக்கொண்டு, அன்று சாயங்காலமே அவள் பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் நல்ல சேதியை வைத்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை.

அக்கா சமையல்கட்டில் இருந்தாள். குழந்தை கூடத்தில் தலை வாரி, பவுடர் போட்டு, படம் வரைந்துகொண்டிருந்தது. அவள் கையில் இருந்த கட்டைப் பார்த்ததும் ஓடி வந்து தொட்டுப் பார்த்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லடி கண்ணு. அஸ்திவாரம் போட்டாச்சு! நம்ம வீடு வந்துருச்சு. இனிமே கிடுகிடுன்னு சுவர் எழும்பிரும்."

குழந்தை சமையல்கட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. பிறகு அவள் காதுக்குள் சொன்னது: "அம்மா, வீட்ட மெதுவாக் கட்டச் சொல்லுங்க."

"ஏன்டி?"

"சீக்கிரம் கட்டிட்டா நான் அங்க வந்துரணும்ல? அப்புறம் பெரியம்மா தனியாப் படுக்கணும்."

ரகசியம்தான் சொன்னது. ஆனால் குழந்தைகளுக்கு ரகசியம் சொல்லத் தெரியாது. அக்கா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"நான் சொல்லிக் குடுக்கலடி. சத்தியமா."

"தெரியும்க்கா."

"பாப்பா, அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. அம்மா பாவம்ல?"

அந்த 'அம்மா பாவம்' பாப்பாம்மாவின் நெஞ்சில் கத்தியைவிட ஆழமாக இறங்கியது. யார் மேலாவது விழுந்து பிடுங்கவேண்டும் போல வெறி வந்தது. யார் மேல் விழுவது? இன்ஸ்பெக்டர் மழையில் நின்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். புருஷன் மனசார மழைக்கு மூடியவன். அக்கா, கேட்டதற்கு மேல் செய்தவள். ஜன்னல் உயரத்துக்கு ஒரு வரிசை, கூரைக்கு ஒரு வரிசை, குடி போக ஒரு வரிசை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று காத்திருந்தே இந்த ஒரு வருடம் போனது. எப்படியும் அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகப்போகிறோமே என்றுதான் வேறு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. இப்போது தோன்றியது.

"அக்கா, நான் இன்னைக்குப் போகல" என்றாள். "இனிமே இங்கதான் படுத்துக்கப் போறேன். காலையில பஸ்ஸ புடிச்சுப் பட்டறைக்குப் போயிக்கறேன். அவருகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"அங்க அவரு தனியா என்னடி பண்ணுவாரு?"

"சோறு வடிக்கக் கத்துக்கட்டும். முடிச்சப் போடத் தெரியுதுல்ல?"

குழந்தை கொஞ்சம் யோசித்தது. வந்த விருந்தாளியைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டது.

"எத்தன நாளு இருப்பீங்கம்மா?"

"அத ஆபீஸ்லதான் கேக்கணும் கண்ணு" என்றாள் பாப்பாம்மா. அக்கா உள்ளே போய் இன்னொரு தட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.